கூரையும் மலையின் ஒரு பகுதியே

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று முதலில் தேடுவது தலைக்கு மேல் ஒரு கூரையைத்தான். பிள்ளைகளை நனையாமல் படுக்கவைக்க ஓரிடம் கிடைத்தால் போதும் என்றே அந்நேரத்தில் மனம் சொல்லும். கூரை எதனால் ஆனது, அதில் விழும் மழை எங்கே போகிறது, வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் எத்தனை காலம் நிற்கும் என்ற கேள்விகள் பிறகுதான் எழும். அப்போது வீடு கட்டி முடிந்திருக்கும்.

கண்டியைச் சுற்றிய மலைப் பிரதேசத்துக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1977லும் 1983லும் நடந்த வன்செயல்களால் தோட்டக் குடும்பங்கள் பல வன்னி வரை போயின. 1980களின் நடுப்பகுதியில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரமும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் நீருக்கு அடியில் போயின. அங்கிருந்த விவசாயிகளில் ஒரு பகுதியினர் மகாவலி குடியேற்றங்களுக்குச் சென்றனர். மற்றவர்கள் அருகிலிருந்த மேட்டு நிலங்களில் குடியேறினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் சரிந்தன. மீண்டும் பல குடும்பங்கள் காணியையும் வீட்டையும் விட்டு எழும்ப வேண்டியதாயிற்று.

எனவே புதிய வீடுகள் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பது எமக்கு வெறும் கட்டடக்கலைப் பேச்சு அல்ல. அது உயிர் பற்றிய பேச்சு. இயற்கையோடு இயைந்த கட்டடம், பச்சைக் கூரை என்றெல்லாம் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அவற்றுள் எமக்குப் பயன்படுவது எது, பயன்படாதது எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பச்சைக் கூரை என்றால் என்ன?

பச்சைக் கூரை என்பது கட்டடத்தின் மேல் நீர் புகாத விரிப்பொன்றைப் போட்டு, அதற்கு மேல் நீர் வடியும் படை, அதற்கு மேல் மண், அம்மண்ணில் புல்லோ செடியோ கொடியோ வளர்ப்பதாகும். இதனால் மூன்று நன்மைகள் உண்டு. வெயில் நேரே கூரையில் படாததால் வீடு குளிர்கிறது. இலைகள் நீரை ஆவியாக விடுவதால் மேலும் குளிர்ச்சி கிடைக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, மழை விழுந்தவுடன் ஓடிவிடாமல் மண்ணில் ஊறி, மெதுவாகவே கீழே இறங்குகிறது.

மூன்றாவது நன்மையைச் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டும். வீடு கட்டுமுன் அந்த நிலத்தில் விழுந்த மழையை மண்ணும் வேரும் சருகும் உறிஞ்சின. வீடு கட்டியதும் அந்நிலத்துக்குக் குடை பிடித்தது போலாகிறது. முன்பு பரந்து ஊறிய நீர் முழுவதும் இப்போது தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒரே வரிசையில் கொட்டுகிறது. சமவெளியில் இதனால் முற்றம் சேறாகும், அவ்வளவுதான். சரிவில் மலையே இளகும். கூரை மழையிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலத்தை மீண்டும் மழைக்குக் கொடுப்பதே பச்சைக் கூரையின் அடிப்படை. கூரையும் மலையின் ஒரு பகுதிதான் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டுவதே இயற்கையோடு இயைந்து கட்டுவதாகும்.

கொரியா கழற்றியதும் மீண்டும் ஏற்றியதும்

எமது கிராமங்களிலிருந்து தென் கொரியாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர். அவர்கள் அனுப்பும் படங்களில் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்திருப்போம். அக்கட்டடங்களில் சிலவற்றின் தலையில் இன்று தோட்டங்கள் இருக்கின்றன.

தலைநகர் சியோலில் உள்ள இவா மகளிர் பல்கலைக்கழகம் 1886இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த மேரி ஸ்கிரன்ரன் அம்மையார் தொடங்கிய சிறு பெண்கள் பாடசாலையிலிருந்து வளர்ந்தது. அங்கே 2008இல் பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் டொமினிக் பெரோ ஒரு பெரும் கட்டடத்தை நிலத்துக்கு மேலே எழுப்பாமல் நிலத்துக்குள்ளேயே அமைத்தார். நடுவில் பள்ளத்தாக்குப் போல ஒரு பாதை. இரு பக்கமும் வகுப்பறைகள். அவற்றின் கூரையில் புல்லும் மரமும். தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவு ஒன்றே தெரியும். சேஜோங் நகரில் அரசாங்க அலுவலகங்கள் பதினைந்தின் கூரைகளைப் பாலங்களால் இணைத்து 3.6 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரே தோட்டமாக்கியிருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய கூரைத் தோட்டம் என்று 2016இல் அது கின்னஸ் பதிவு பெற்றது.

இவற்றைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய கதையையும் அறிந்துகொள்ள வேண்டும். கொரியாவின் ஏழை விவசாயிகள் நெடுங்காலம் வைக்கோல் வேய்ந்த மண் வீடுகளில் வாழ்ந்தவர்கள். வைக்கோல் கூரையில் சுரைக்கொடியைப் படரவிடுவது அவர்களது வழக்கம். கொடி வெயிலைத் தடுத்தது, காய் உணவானது, முற்றிய சுரைக் குடுக்கை தண்ணீர் மொள்ளும் அகப்பையானது. பணம் செலவில்லாத பச்சைக் கூரை அது.

1970இல் அந்நாட்டு அரசு ‘புதிய கிராமம்’ என்று பொருள்படும் சேமாவுல் இயக்கத்தைத் தொடங்கியது. கிராமம் ஒன்றுக்கு 335 மூடை சீமெந்து கொடுத்து, வீதி, கிணறு, பாலம் ஆகியவற்றை மக்களே அமைக்க ஊக்குவித்தது. அதனால் விளைந்த நன்மைகள் பல. அதே இயக்கத்தில் வைக்கோல் கூரைகள் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கருதப்பட்டன. அவற்றைக் கழற்றி அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்துத் தகடுகளையும் தகரத்தையும் போட்டார்கள். அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. 2009இல் கொரியா அஸ்பெஸ்டஸ் பொருள்களைத் தடைசெய்தது. அன்று அரசாங்கம் ஊக்கம் கொடுத்துப் போடவைத்த அதே கூரைகளைக் கழற்றுவதற்கு இன்று அரசாங்கமே பணம் கொடுக்கிறது.

ஏழையின் கூரையிலிருந்த கொடியை ஒரு தலைமுறை இறக்கியது. அடுத்த தலைமுறை பெருஞ்செலவில் அரசாங்க அலுவலகத்தின் மேல் தோட்டத்தை ஏற்றியது. எமது மலைநாட்டிலும் மானாப் புல்லும் இலுக்கும் வேய்ந்த மண் வீடுகள் இருந்தன. லயத்துக் கூரையில் பூசணியும் சௌசௌவும் படர்வதை இன்றும் காண்கிறோம். இல்லாமையின் அடையாளம் என்று அதை நினைத்து வெட்கப்படுவோரும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்டலமையில் காடு மூடிய கட்டடம்

எமது நாட்டில் பச்சைக் கூரைக்குப் பெயர் பெற்ற கட்டடம் கண்டியிலிருந்து வடக்கே, மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக்கு அருகே உள்ளது. அது கண்டலம ஹோட்டல். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வரைந்த இக்கட்டடம் 1994இல் திறக்கப்பட்டது.

முதலில் சீகிரியாக் குன்றுக்கு அருகிலேயே ஹோட்டலை அமைப்பதாக இருந்தது. பாவா அதை ஏற்காமல், குன்றிலிருந்து பல மைல் தொலைவில், கண்டலம குளத்தின் மறுகரையிலுள்ள பாறைச் சரிவைத் தெரிந்தெடுத்தார். பாறையை வெடிவைத்துத் தகர்க்காமல் அதைச் சுற்றிக் கட்டடத்தை வளைத்தார். நடைபாதைகளில் பாறை உள்ளே வந்து நிற்கிறது. கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளமானது. ஆனாலும் அதைத் தூண்களின் மேல் நிறுத்தியிருப்பதால் மலையிலிருந்து வரும் மழைநீர் தடையின்றி அடியால் ஓடிக் குளத்தை நோக்கிப் போகிறது. தட்டையான கூரைகளின் மேல் செடிகள் வளர்கின்றன. முன்புறத்தில் மரச் சட்டங்களை நிறுத்திக் கொடிகளைப் படரவிட்டார்கள். இன்று குளத்தின் அக்கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் எது, காடு எது என்று பிரித்தறிவது கடினம்.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1992இல் இத்திட்டம் தெரியவந்தபோது பௌத்த பிக்குகளும் கிராம மக்களும் கடுமையாக எதிர்த்தனர். கண்டலம குளம் வயலுக்கு நீர் கொடுக்கும் குளம். ஹோட்டலின் கழிவு அதில் கலந்தால் எமது கதி என்ன என்று விவசாயிகள் கேட்டனர். புண்ணிய தலத்துக்கு அருகே இப்படியொரு விடுதி தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. எதிர்ப்பின் மத்தியிலும் ஹோட்டல் கட்டப்பட்டது. ஆனால் கழிவுநீரையும் குப்பையையும் என்ன செய்கிறார்கள் என்பதை நாடே கவனிக்கும் நிலையை உண்டாக்கியது அம்மக்கள் எழுப்பிய குரலே.

இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, சரிவில் கட்டும்போது மலையை வெட்டிக் கட்டடத்துக்கு ஏற்றதாக மாற்றுவதைவிட, கட்டடத்தை மலைக்கு ஏற்றதாக மாற்றுவது சாத்தியம். இரண்டாவது, கூரை பச்சையாக இருப்பதால் மட்டும் ஒரு கட்டடம் நீதியானதாகிவிடாது. அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களைக் கேட்டார்களா, அவர்களது நீர் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வட்டபுளுவையில் கேட்டுக் கட்டிய வீடுகள்

மக்களைக் கேட்டுக் கட்டுவது நடைமுறைக்கு உதவாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் கண்டி நகரிலேயே இருக்கிறது.

மினெட் டி சில்வா 1918இல் கண்டியில் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அமைச்சராக இருந்தவர். தாய் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். மினெட் 1948இல் பிரித்தானிய கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்புரிமை பெற்றார். ஆசியப் பெண்களுள் அந்நிலையை முதலில் அடைந்தவர் அவரே. இலண்டனில் படித்துத் திரும்பியதும் கண்டியிலேயே தொழில் தொடங்கினார். 1951இல் முடிந்த கருணாரத்ன இல்லம் கண்டியில் ஒரு சரிவில் கட்டப்பட்டது. சரிவைச் சமப்படுத்தாமல், ஒரு பகுதி மேலும் ஒரு பகுதி கீழுமாக வீட்டையே படிப்படியாக இறக்கினார். தும்பறைப் பாய் நெசவாளர்களின் வேலையையும் மட்பாண்டத் தொழிலாளரின் களிமண் ஓடுகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

எமக்கு அதைவிட முக்கியமானது வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம். 1950களின் பிற்பகுதியில் அரசாங்க ஊழியர்களுக்காக மகாவலியின் பக்கமுள்ள சரிவில் சுமார் 250 வீடுகள் அமைக்கப்பட்டன. வரைபடம் கீறுமுன் மினெட் டி சில்வா செய்த முதல் வேலை, அங்கே குடியேறப்போகும் குடும்பங்களிடம் கேள்விக்கொத்து ஒன்றைக் கொடுத்து அவர்களது தேவைகளை அறிந்ததுதான். எத்தனை பேர், என்ன வருமானம், வீட்டில் எவ்வாறு புழங்குகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். வெவ்வேறு இனத்தவரும் மதத்தவருமாகிய குடும்பங்கள் அவை. அவர்களது பதில்களுக்கேற்பப் பல வகை வீடுகளை வரைந்து, தெரிவு செய்யவிட்டார். வீடுகளை ஒரே வரிசையில் அடுக்காமல் நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அமைத்தார். நின்ற மரங்களை இயன்றவரை காப்பாற்றினார்.

அது பணக்காரருக்கான திட்டமல்ல. சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கானது. மினெட் டி சில்வா 1998இல் காலமானார். வட்டபுளுவ இன்றும் குடியிருப்பாகவே இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்டியில் செய்ய முடிந்ததை இன்று செய்ய முடியாது என்று எவரும் சொல்ல இயலாது.

எமது கூரைக் கணக்கு

இனி எமது வீட்டுக்கு வருவோம். மலையகத்தில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட வீடமைப்புத் திட்டங்களில் 550 சதுர அடி வீடும் 7 பேர்ச் காணியும் பலருக்குப் பழகிய அளவுகள். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக 1,350 சதுர அடி மிஞ்சும். அதற்குள்தான் மலசலகூடம், பாதை, தோட்டம் எல்லாம் அமைய வேண்டும்.

550 சதுர அடி என்பது 51 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். எனவே ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அக்கூரையிலிருந்து 5,100 லீற்றர் நீர் விழும். 200 லீற்றர் பீப்பாய் இருபத்தைந்தை முற்றத்தில் கவிழ்ப்பதற்குச் சமம் இது. சரிவொன்றில் இருபது வீடுகள் இருந்தால் ஒரே நாளில் ஓர் இலட்சம் லீற்றருக்கும் மேல். இந்நீருக்கு வழி காட்டாவிட்டால் அது தானே வழி தேடும். கீழ் வீட்டின் பின்சுவரையோ, நிரப்பிய மண்ணையோ அது தேடிப் போகும்.

அப்படியானால் தகரக் கூரையில் மண் போட்டுப் புல் வளர்ப்போமா? வேண்டவே வேண்டாம். நான்கு அங்குல ஈரமண் ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோவுக்கும் அதிகம் பாரமாகும். எமது கூரை முழுவதற்கும் எட்டுத் தொன் வரை வரும். தகரமும் சட்டமும் அதைத் தாங்கா. பெரிய கட்டடங்களில் அதற்கென்றே கணக்கிட்டுத் தூண்களையும் தட்டையும் அமைக்கிறார்கள். பச்சைக் கூரையை அப்படியே பின்பற்றாமல், அது செய்யும் வேலையை வேறு வழிகளில் செய்வதே எமக்கு ஏற்றது.

நாம் செய்யக்கூடியவை

கொடிப் பந்தல்: கூரைக்கு மேல் ஓரடி அல்லது ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நிலத்தில் ஊன்றிய தனிக் கம்புகளில் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடலாம். இடையில் காற்று ஓடுவதால் வீடு நன்கு குளிரும். கொடி தகரத்தில் நேரே படர்ந்தால் சருகு சேர்ந்து ஈரம் தங்கி, தகரம் துருப்பிடிக்கும். அதனால் இடைவெளி அவசியம். பின்னேர வெயில் படும் மேற்குப் பக்கத்தில் தொடங்குவது நல்லது. பூசணி, பாகல், புடோல், சௌசௌ ஆகியன விரைவில் படரும். பல ஆண்டு நிற்கக்கூடியது கொடித்தோடை. பந்தலின் பாரத்தைக் கூரையில் ஏற்றக்கூடாது. பெருங்காற்று வருமென்று அறிவித்தால் கொடியைத் தறித்துப் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

கொங்கிறீற் தட்டு: மேல்மாடி பிறகு கட்டலாம் என்று தட்டுப் போட்டு நிறுத்திய வீடுகள் பல. அங்கே சாக்கிலோ பழைய வாளியிலோ மரக்கறி நடலாம். சாக்குகளைச் சுவரும் வளையும் வரும் கோட்டின் மேல் வைக்க வேண்டும், தட்டின் நடுவில் குவிக்கக்கூடாது. நீர் வடியும் துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீலியும் தொட்டியும்: கூரை நீரைப் பீலியால் சேர்த்துத் தொட்டியில் விடுவது பச்சைக் கூரையின் வேலையில் பாதியைச் செய்துவிடும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டபின் பிடிக்கவும். தொட்டியின் வாயை வலையால் மூடி, பீலியில் சருகு தங்காமல் துப்புரவு செய்யவும். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். தொட்டி நிறைந்து வழியும் நீரைக் குழாயால் கானுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நிரப்பிய மண்ணிலோ வெட்டிய சரிவின் விளிம்பிலோ அது ஊறக்கூடாது. சமையலறைக் கழிவுநீருக்கும் இதே விதிதான்.

கானும் வேரும்: வீட்டுக்கு மேற்புறச் சரிவில் நீரைத் தடுத்துப் பக்கவாட்டில் கொண்டுபோகும் கான் வெட்ட வேண்டும். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. சரிவின் குறுக்கே சம உயரத்தில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசையாக நட்டால் அதன் வேர் ஆழமாக நேரே இறங்கி மேல்மண்ணைப் பிடிக்கும். கிளிசரியா வேலி மண்ணைக் காத்து, பசளைக்கு இலையும் ஆட்டுக்குத் தீனியும் தரும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மலையே ஆழத்திலிருந்து அசையும்போது எந்தப் புல்லும் அதைத் தடுத்து நிறுத்தாது.

கண்டி வீட்டுத் தோட்டம்: இப்பிரதேசத்தின் கிராமங்களில் பரம்பரையாக வளர்க்கப்படும் தோட்டம் ஒரு சிறு காடு. மேலே தென்னை, கித்துள், பலா. நடுவில் கோப்பி, கராம்பு, சாதிக்காய், மரத்தில் ஏறிய மிளகு. கீழே வாழை, இஞ்சி, வல்லாரை. நிலத்தில் சருகு. மழைத்துளி ஒவ்வொரு படியிலும் வேகம் குறைந்து கடைசியில் சருகில் மெதுவாக இறங்குகிறது. சருகைக் கூட்டி எரித்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். உயரமான மரத்திலிருந்து வெறும் மண்ணில் விழும் துளி மண்ணை மேலும் அரிக்கும். 1,350 சதுர அடியில் இத்தனையும் நட இயலாது. ஆனாலும் ஒரு பலா, ஒரு பாக்கு, அதில் மிளகு, சில வாழை, அடியில் வல்லாரை என்று படிமுறையைப் பேணலாம். பெரிய மரத்தைச் சுவரிலிருந்து தள்ளியே நட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை உடைக்கவோ, வாளால் அறுக்கவோ, தேய்த்துக் கழுவவோ கூடாது. கழற்ற வேண்டியிருந்தால் நனைத்து, முழுத் தகடாகவே இறக்கவும். உடைந்த துண்டுகளைத் தோட்டத்து வரப்புக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பெக்கோ வருமுன்

மேலே சொன்னவை எல்லாம் குடியேறியபின் செய்பவை. அவற்றைவிடப் பெரிய விடயம் குடியேறுமுன் நடக்கிறது. புதிய குடியிருப்புக்கான நிலத்தைப் பெக்கோ இயந்திரத்தால் படிக்கட்டுப் போல வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளிச் சமப்படுத்துவது இலகுவான வழி. அதனால் வீட்டின் பின்னால் செங்குத்தான வெட்டுச் சரிவும், முன்னால் இறுகாத நிரப்பு மண்ணும் நிற்கின்றன. மரமெல்லாம் போய்விடுகிறது. பழைய நீரோடை மூடப்படுகிறது. மூடிய ஓடையை மனிதர் மறந்தாலும் நீர் மறப்பதில்லை.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெற வேண்டும். அவ்வறிக்கையில் வடிகான், வெட்டும் உயரம், விட வேண்டிய இடைவெளி பற்றிய நிபந்தனைகள் இருக்கும். அதைப் படித்துக் காட்டும்படி கேட்பது பயனாளிகளின் உரிமை. கொடுக்கும் வீட்டை வாங்கிக்கொள்ளாமல் கேள்வி கேட்கிறார்களே என்று எவராவது சொன்னால் தளர வேண்டாம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலிலும் இவ்விடயம் பேசப்படுகிறது. ஏழைகளை வேறிடத்தில் குடியேற்ற நேர்ந்தால், முன்கூட்டியே போதிய தகவல் கொடுத்து, தெரிவுகளை முன்வைத்து, அவர்களையும் அதில் பங்காளிகளாக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. வட்டபுளுவையில் நடந்ததும் அதுவேதான்.

கற்பாறைமேல் வீடு கட்டிய புத்திமானையும் மணல்மேல் கட்டிய புத்தியீனனையும் பற்றி இயேசு சொன்ன உவமையை நாம் அறிவோம். அந்த இரண்டு வீடுகளின் மேலும் ஒரே மழைதான் பெய்தது. எங்கே, எப்படிக் கட்டினார்கள் என்பதிலேயே வேறுபாடு இருந்தது. ஆனால் எமது மக்களில் பெரும்பாலோர் தாம் கட்டும் இடத்தைத் தாமே தெரிந்தெடுத்தவர்கள் அல்லர். இடம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. ஆகவே புத்திமானாக இருக்க வேண்டிய கடமை இடத்தைக் காட்டுபவர்களுக்கும் உண்டு. அதை அவர்களுக்கு நினைவூட்டும் கடமை எமக்கும் உண்டு.

கூடிப் பேசுவதற்கு

கிராமக் கூட்டத்திலோ, மாதர் சங்கத்திலோ, அன்பியக் கூட்டத்திலோ பின்வரும் கேள்விகளை எடுத்துப் பேசுங்கள். பதில்களை எழுதி, கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள்.

1. எமக்குக் காட்டப்பட்ட நிலத்தில் மழைக்காலத்தில் நீர் எவ்வழியாக ஓடியது? அதை அறிந்த முதியவர்களைக் கேட்டோமா?

2. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை எம்மில் யாராவது பார்த்தோமா? அது தமிழில் எமக்கு விளக்கப்பட்டதா?

3. இருபது கூரைகளின் நீரும் எந்தக் கானில் சேரும்? அக்கான் எங்கே முடிகிறது? கீழே குடியிருப்பவர்கள் யார்?

4. எந்த மரங்களை வெட்டாமல் விடலாம்? வெட்டுமுன் அடையாளமிட எம்மை அனுமதிப்பார்களா?

5. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது தூண், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கிய ஊற்றுநீர், இறுகித் திறக்க முடியாத கதவு ஆகியவற்றைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது? இரவில் எங்கே போவது?

6. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பந்தலும் ஒரு பீலியும் போட, சிரமதானமாக எத்தனை நாள் தேவைப்படும்?